பட்டாணியின் தாடி கறுத்த மூன்று வாரம்

எங்கள் காம்பவுண்டில் முதல் கல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. விழுந்த இடம் ஓவர்லாக் டெய்லர் வீரபத்திரனின் நெற்றி. அவன் பல் தேய்த்துக்கொண்டே ஒன்பதாம் நம்பர் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான், உள்ளே கண்ணாடிப் பெட்டியில் விளக்குக்கு அடியில் படுத்திருந்த பிராணி தலையைத் திருப்பி அவனை நேருக்கு நேர் பார்த்தது, அதன் தொண்டையில் இருந்த முள்தாடி உப்பிக் கரி பூசினது மாதிரி கறுத்தது, உடனே எங்கிருந்தோ ஒரு கல் வந்து அவன் புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டுக் குழாயடியில் உருண்டு நின்றது. எறிந்தவர் யாரும் இல்லை. ரத்தம் மூக்கு வழியாக இறங்கிப் பற்பசை நுரையில் சொட்ட, அவன் குனிந்து கல்லை எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னான்: "யோவ், இது எங்க ஊருக் கல்லுய்யா!"

திருப்பூரில் எங்கள் காம்பவுண்டு மாதிரி ஆயிரம் இருக்கும். பதினெட்டு வீடு, ஒரு குழாய், நாலு கக்கூஸ், ஒரு இரும்புக் கேட்டு. சிவகங்கை, ஆண்டிபட்டி, புதுக்கோட்டை, பரமக்குடி என்று பஞ்சம் எந்தப் பக்கமெல்லாம் துரத்தியதோ அந்தப் பக்கத்து ஆட்களெல்லாம் பனியன் கம்பெனியை நம்பி வந்து ஒண்டியிருக்கிற இடம். நான் நாலாம் நம்பர் வீடு. பெயர் சௌந்தரம், அயர்ன் மாஸ்டர். நடந்ததை நல்லவன் மாதிரி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. என் முதுகிலும் ஏழு கல் விழுந்தது, அதற்குமேல் என்ன விழுந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

அந்தப் பிராணி ஒன்பதாம் நம்பர் பவுனுத்தாயியின் மகள் சுகந்தியுடையது. பவுனுத்தாயி கம்பெனியில் செக்கிங் வேலை. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் பிடித்துவிடுவாள், ஊசிமுனை அளவு குற்றம்கூட அவள் கண்ணில் தப்பாது, காம்பவுண்டு ஆட்களின் குற்றமும் அப்படித்தான். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள் பதினெட்டு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு போனவள், பெங்களூரில் நாய்க்கும் பூனைக்கும் முடிவெட்டிக் குளிப்பாட்டுகிற கடையில் வேலை பார்க்கிறாள், ஆறு வருஷமாகப் பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன், அதுவும் "நல்லாருக்கியா, சரி" என்கிற அளவில். அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாகக் கூப்பிட்டு, யாரோ வளர்க்க மாட்டாமல் கடையில் விட்டுப்போன தாடி ஓணான் ஒன்று தன்னிடம் இருக்கிறது, வெளிநாட்டுச் சாதி, பெயர் பட்டாணி, தான் வேறு ரூம் பார்த்து மாறும்வரை மூன்று வாரம் வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் மகள் கேட்ட முதல் உதவி. பவுனுத்தாயி யானையைக் கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பாள்.

முதல் நாள் அவள் அதற்குத் தயிர்சாதம் வைத்தாள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. படுக்க மெத்தென்று இருக்கட்டும் என்று ஆற்றுமணல் கொட்டினாள்; மகள் போனிலேயே கத்தினாள், மணலைத் தின்றால் குடலில் அடைத்துச் செத்துப்போகும் என்று. அப்புறம்தான் பாடம் படித்தாள்: ஒரு பக்கம் நாற்பது டிகிரி சூடு தருகிற விளக்கு, இன்னொரு பக்கம் நிழல், வெயில் மாதிரி வேலை செய்கிற ஒரு தனி டியூப், கோயமுத்தூரிலிருந்து பஸ் பார்சலில் டப்பாவாக வருகிற உயிருள்ள சில்வண்டுகள், அவற்றுக்குத் திருநீறு பூசுகிற மாதிரி சுண்ணாம்புச்சத்துப் பொடி பூசித் தர வேண்டும், முருங்கைக்கீரை, பரங்கிக்காய்த் துருவல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு பார்த்திருப்பாளா என்று நாங்கள் குழாயடியில் கேலி பேசினோம். அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அவள் பாதிக் குடத்தோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கல்லுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப்பக்கங்களில் ஓணானைக் கண்டால் அடிக்க வேண்டும் என்பது ஆம்பிளைப் பிள்ளைகள் பிறந்த உடனே கற்றுக்கொள்கிற சங்கதி. ராமருக்குத் தாகமெடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்தது, ஓணான் மூத்திரத்தைக் கொண்டுவந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ராமரையே பார்த்திராத நாங்கள் அவருக்காகப் பழிவாங்கக் கிளம்பினோம், வேலி வேலியாக, பள்ளிக்கூடம் விட்ட மத்தியானங்களில், பை நிறையக் கல்லோடு. அந்தக் கல்லெல்லாம்தான் இப்போது வந்தது. எவன் எத்தனை எறிந்தானோ அத்தனை, எறிந்த அதே வேகத்தில், எறிந்த அதே கல். புதுக்கோட்டைக்காரனுக்குச் செம்பொறைக்கல், ஆண்டிபட்டிக்காரனுக்கு வெங்கச்சங்கல், கல்லே இல்லாத பரமக்குடிப் பக்கத்துக்காரன் காளீஸ்வரனுக்குப் பனங்கொட்டை. முப்பது வருஷமாக ஊருக்குப் போகாத ஒருவன், மண்டை உடைந்து ரத்தம் ஒழுக, தன் ஊர்க் கல்லை மூக்கில் வைத்து மோந்து பார்த்து அழுததை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டே நாளில் அது எங்களுக்குப் பழகிவிட்டது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு பல் தேய்த்தோம். கம்பெனியில் மண்டைக்கட்டோடு போனால் சூப்பர்வைசர் "கல்லா?" என்று மட்டும் கேட்டு மெஷினைக் காட்டினார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் பஞ்சும் பிளாஸ்திரியும் மூட்டையில் இறக்கினார், வீட்டு ஓனர் விழுந்த கல்லையெல்லாம் பொறுக்கிக் கேட்டுக்கு வெளியே இருந்த குழியை நிரப்பிக்கொண்டார், ஆயுத பூஜைக்கு முன்னால் நம்முடையதை வாங்கி முடித்துவிடுவோம் என்று அடுத்த தெருக்காரர்கள் வரிசை கட்டி வந்து ஜன்னலில் முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவனுக்கு நின்ற இடத்தில் இருபத்துமூன்று. பதினெட்டாவது கல்லில் முன்பல் இரண்டும் போயிற்று, மிச்சம் ஐந்தையும் வாங்கிவிட்டுத்தான் விழுந்தான். எங்களுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. எனக்கு ஏழு, உனக்கு எத்தனை என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டோம். பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். காளீஸ்வரன் சின்ன வயதில் கல்லை விட, ஓணான் கழுத்தில் மாட்டித் தூக்குகிற ஈர்க்குச்சிச் சுருக்கில் கெட்டிக்காரன் போலிருக்கிறது. பனங்கொட்டைகள் முடிந்த மறுநாள் குழாயடியில் அவன் கழுத்து சட்டென்று மேலே இழுபட்டது, கால் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது, நாக்கு வெளியே தள்ள அவன் காற்றில் துடித்ததை நாங்கள் காலைப் பிடித்துத் தூக்கியும் நிறுத்த முடியவில்லை, அறுபது எண்ணுகிற நேரம் கழித்து அதுவே விட்டது. இரண்டு நாள் அவனால் எச்சில் விழுங்க முடியவில்லை. அதற்கும் சிரித்தவர்கள் உண்டு.

ஆனால் பவுனுத்தாயி சிரிக்கவில்லை என்பதை நான்தான் கவனித்தேன். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டுதான் அவள் பெட்டியைத் திறந்தாள், பக்கவாட்டில் நின்று, அதன் முகத்தைப் பார்க்காமலே தீனி வைத்தாள். அது எப்போதாவது ஒரு முன்கையைத் தூக்கி மெதுவாக வட்டம் போட்டு ஆட்டும். ஆசீர்வாதம் பண்ணுகிறது என்று காம்பவுண்டில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பவுனுத்தாயிக்கே அதில் சந்தோஷம், மகளிடம் போனில் சொன்னாள், "உன் பட்டாணி எனக்கு டாட்டா காட்டுதுடி, என்னைய அதுக்குப் பிடிச்சுப்போச்சு" என்று. எங்கள் வீட்டு வாசல்வரை போன் ஸ்பீக்கரில் கேட்டது மகளின் பதில்.

"அது டாட்டா இல்லம்மா. பயந்தா அப்பிடித்தான் கையைக் காட்டும். நான் சின்னது, என்னைய அடிக்காதன்னு அர்த்தம்."

அப்புறம் மகள், "இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாமப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரமே சனிக்கிழமை, மின்வாரியக்காரர்கள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். விளக்கு இல்லாவிட்டால் அதற்குத் தீனி செரிக்காது. பவுனுத்தாயி ஓடி வந்து கேட்டாள், நான் என் பழைய கரி இஸ்திரிப்பெட்டியில் நெருப்புப் போட்டுக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன், பிராணிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தேன். அவள் துண்டுக்குள்ளிருந்து பேசினாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு பாக்கி இருக்குண்ணே."

"பொம்பளைக்கு ஏது கல்லு?" என்றேன்.

"கல்லு இல்ல. கரண்டி." துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மேலே சொன்னாள். "அவளுக்கு எட்டு வயசு. சோத்தை அடுப்புல வச்சுட்டு, பாத்துக்கடின்னு சொல்லிட்டு சிப்ட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு டிவியப் பாத்துக்கிட்டுச் சோத்தைத் தீய விட்டுட்டா. இருந்ததே அந்த அரிசிதான். ரெண்டு சிப்ட்டு பாத்த வெறி எனக்கு. கரண்டியக் காய்ச்சி இடது கெண்டைக்கால்ல வச்சுட்டேன். நான் கரண்டியோட வரையில, இப்பிடித்தாண்ணே கையத் தூக்குனா."

நான் பெட்டியில் கரியைக் கிளறிவிட்டேன்.

"ஒரே ஒரு தடவதான். ஆனா பாருங்க, சூடு வச்சது ஞாபகம் இருக்கு, கரண்டிக் காம்பு வளைஞ்சிருந்தது ஞாபகம் இருக்கு, அவ கத்துனா, வாயி தொறந்தது தெரியுது, என்ன சொல்லிக் கத்துனான்னு மட்டும் காதுல இல்லண்ணே. பதினாறு வருசமா யோசிக்கிறேன், வரமாட்டேங்குது."

"ஓணானுக்குச் செஞ்சதுதான் திரும்பி வருது, பிள்ளைக்குச் செஞ்சது வராது தாயி" என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன். என் தைரியத்துக்கு ஆயுள் இரண்டே நாள். திங்கட்கிழமை பட்டாணி சட்டை உரித்தது. தலையிலிருந்து வால்வரை வெள்ளைத் தாளாகத் தோல் கிழிந்து விழ, உள்ளேயிருந்து மஞ்சளும் சிவப்புமாகப் புதுசாக வெளியே வந்தது. கல் தீர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று வீரபத்திரன் தலைக்கவசம் இல்லாமல் ஜன்னல் பக்கம் போனான். தாடி கறுத்தது. பளீரென்று ஓர் அறை. கை தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது, அவன் உதடு கிழிந்து சுவரில் ரத்தம் தெறித்தது, கன்னத்தில் ஐந்து விரலும் எழும்பி நின்றது, மூன்றாவது விரலில் அவனுடைய பவளமோதிரத்தின் அச்சு. அவன் மனைவி தங்கபுஷ்பம் குழாயடியில் நின்றிருந்தாள். அவள் கன்னத்திலும் அதே இடத்தில் அதே மோதிரத்தின் தழும்பு உண்டு, நாங்கள் எல்லோரும் பதினோரு வருஷமாகப் பார்த்துப் பார்க்காத மாதிரி இருந்த தழும்பு. அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் காம்பவுண்டு கசாப்புக்கடை. எட்டி உதைத்தவனுக்கு விலா எலும்பு முறிந்தது, பெல்ட்டால் அடித்தவன் முதுகு உரிந்தது, மனைவியின் முடியைப் பிடித்து இழுத்தவனை ஏதோ ஒன்று வாசலிலிருந்து கேட்டுவரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. எனக்கு மூன்று. மூன்றாவது அறையில் இடது காது அடைத்துக்கொண்டது, இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை. நாங்கள் சுவரைப் பார்த்தபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வேலைக்குப் போனோம். எங்கள் பெண்கள் மல்லித்தழை வாங்கி வாருங்கள், பால் வாங்கி வாருங்கள் என்று ஒன்பதாம் நம்பர் வழியாகவே அனுப்பினார்கள். என் மனைவி சரசுவதி ஒரே காலையில் என்னை நாலு முறை டீத்தூள் வாங்க அனுப்பினாள். எல்லாம் புதன்கிழமைவரைதான். வியாழக்கிழமை ஏழாம் நம்பர் அம்மாள் மாவாட்டிக்கொண்டு போகும்போது தாடி கறுத்து, உள்தொடையில் நிமிண்டல் விழுந்து, ரத்தம் கட்டி, மாவுச்சட்டியோடு மல்லாந்தாள். அவள் மகன் எட்டாவது படிக்கிறான், அவன் தொடையில் இருந்த கன்றல்கள் எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விளக்குமாற்று அடி, சனிக்கிழமை மிளகாய்ப்பொடி. ஒரு தாய்க்குக் கண் இரண்டும் வீங்கித் திறக்கவே இல்லை. அன்றைக்குத்தான் எங்கள் காம்பவுண்டில் ஆணும் பெண்ணும் முதல்முதலாக ஒரு விஷயத்தில் ஒற்றுமையானோம்: அந்த ஓணானைக் கொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு, மகள் வந்து சேர்வதற்கு முன்னால், கம்பும் கடப்பாரையுமாகக் கிளம்பினோம். முகத்துக்கு முகம் பார்த்தால்தானே ஆபத்து? அதனால் பதினெட்டு வீட்டில் பதினேழு வீட்டு ஜனமும் பின்பக்கமாக நடந்து ஒன்பதாம் நம்பரை நோக்கிப் போனோம், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, குதிகாலால் வாசல்படியைத் தேடிக்கொண்டு. என் கையிலும் கம்பு இருந்தது. மூன்று அறைக்கே இப்படி என்றால் இன்னும் என்னென்ன பாக்கியோ என்ற பயம், வேறொன்றும் இல்லை.

"கதவத் தொற பவுனுத்தாயி! அது செத்தாத்தான் நாங்க பொழைப்போம்" என்று வீரபத்திரன் சுவரைப் பார்த்துக் கத்தினான்.

"இன்னும் அரை மணி நேரம், தம்பி. எம்பொண்ணு வந்துருவா. அவ கையில குடுத்துர்றேன், அப்பறம் என்னைய வேணாலும் அடிங்க" என்றாள் உள்ளிருந்து.

"உனக்கு மட்டும் ஒண்ணும் வரலல்ல, நீ பேசுவ!" என்று ஏழாம் நம்பர் அம்மாள் ஏசினாள்.

வீரபத்திரன் கடப்பாரையைப் பின்பக்கமாகவே வீசினான். ஜன்னல் உடைந்தது. இரண்டாவது வீச்சில் கண்ணாடிப் பெட்டி நொறுங்குகிற சத்தம் கேட்டது, விளக்கு வெடித்தது, சில்வண்டு டப்பா கொட்டி நூறு பூச்சிகள் எங்கள் கால்களுக்கிடையே ஓடின. அப்போது கதவு திறந்தது. துண்டு இல்லாமல், தலைவிரிகோலமாக, இரண்டு கையிலும் பட்டாணியைத் தூக்கி எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பிய முகங்களையெல்லாம் அது பார்த்தது. தாடி கறுத்தது. துவைக்கிற கல்லில் ஈரத்துணியை அடிக்கிற மாதிரி ஒரே நேரத்தில் நூறு அடி விழுந்தது. பல் தெறித்தது, மூக்கு உடைந்தது, அடிக்கிறவன் யாரென்று தெரியாமல் ஆளுக்கு ஆள் கம்பை வீசி அடுத்தவன் மண்டையைப் பிளந்தார்கள், பெற்றவளும் கட்டியவனும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள், குழாயடித் தண்ணீர் சிவப்பாக ஓடியது. நான் கீழே கிடந்தேன். சரசுவதியும் பக்கத்தில் கிடந்தாள், அவளும் பிள்ளைகளை அடித்தவள்தான்.

வீரபத்திரன் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். மூடின கண்ணோடே கடப்பாரையைச் சுழற்றினான், அது பவுனுத்தாயியின் முழங்கையில் இறங்கி எலும்பு முறிகிற சத்தம் எனக்கு நல்ல காதில் கேட்டது. வலது கை தொங்கிப்போயிற்று. பட்டாணி நழுவியது, கீழே உடைந்த கண்ணாடியும் எங்கள் கால்களும். விட்டிருந்தால் அதோடு அவள் பயமும் முடிந்திருக்கும், அது அவளுக்கும் தெரியும். அவள் இடது கையால் அதை அள்ளித் தன் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அது அவளைப் பார்த்தது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை.

தாடி கறுத்தது. சேலைக்குக் கீழே அவள் இடது கெண்டைக்காலில் புகை வந்தது. தோல் தீய்கிற வாடையை நாங்கள் எல்லோரும் முகர்ந்தோம். அவள் வாய் திறந்தது, அதிலிருந்து வந்த குரல் அவளுடையது இல்லை, எட்டு வயதுப் பெண்பிள்ளையின் குரல், கீச்சென்று, உயிர் போகிற மாதிரி: "அம்மா! அம்மா! அம்மா!"

அடி நின்றது. யாரும் அசையவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் தோளில் பையோடு சுகந்தி நின்றுகொண்டிருந்தாள், தன் குரலைத் தானே கேட்டுவிட்டு முகம் வெளுத்துப்போய். பையைக் கீழே வைத்தாள். ரத்தத்தில் கிடந்த எங்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தாள், தங்கபுஷ்பத்தின் குடத்தையும் ஒரு சொம்பையும் எடுத்தாள், அம்மாவை வாசல்படியில் உட்காரவைத்துச் சேலையை முழங்கால்வரை தூக்கிக் கரண்டி அச்சாகக் கொப்பளித்திருந்த இடத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். பட்டாணி பவுனுத்தாயியின் தோளைப் பற்றிக்கொண்டு கிடந்தது.

பவுனுத்தாயி இடது கையால் மகளின் கையைப் பிடித்தாள். "என்னையவாடி கூப்பிட்ட? சூடு வச்சவளே நாந்தானடி. என்னையவா கூப்பிட்ட?"

"வேற யாரக் கூப்பிடுறது?" என்றாள் சுகந்தி. "எனக்கு நீ மட்டுந்தானம்மா இருந்த." சொல்லிவிட்டு அடுத்த சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.